காற்றாலையும் கிரிட் கோளாறும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார் தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டன. மொத்தம் 103.5 மெகாவாட். பளையில் அதற்கு முன்பே காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. பூநகரியில் வரும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் மின் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் தொடக்கம் பேசாலையில் கரைவலை இழுக்கிறவர்கள் வரை இவற்றைப் பற்றிப் பலதும் கேட்கிறார்கள். கிரிட்டில், அதாவது நாட்டின் மின் வலையமைப்பில், ஏதாவது நடந்தால் காற்றாலை மின்சார ரீதியாக என்ன செய்யும், அதைக் கணினியில் முன்கூட்டியே பார்ப்பது எப்படி என்பவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கிரிட் கோளாறு என்றால் கரண்ட் போவதுதானே?

கரண்ட் போவது கடைசியாக நடப்பது. பெரும்பாலான கோளாறுகள் நமக்குத் தெரியாமலே வந்து போய்விடும். லைனில் பனை ஓலை விழும், மின்னல் அடிக்கும், இன்சுலேட்டரில் படிந்த உப்பின் வழியே மின்சாரம் பொறி பறக்கக் கம்பத்துக்கு இறங்கும். உப்பு மன்னாருக்கே உரிய தொல்லை. சோளகம் (தென்மேற்குக் காற்று) கடலிலிருந்து உப்பை அள்ளிவந்து பூசுகிற மாதங்களில் அதைக் கழுவிவிட அங்கே மழையும் இருப்பதில்லை.

இப்படி ஒரு சோட் ஏற்பட்டதும் அந்த இடத்தில் வோல்ட்டேஜ் ஏறக்குறையப் பூச்சியமாகிவிடும். தூரம் கூடக் கூட விழுகிற அளவு குறையும். ஓரிடத்தில் 20 சதவீதம் மிஞ்சும், இன்னோரிடத்தில் 70 சதவீதம் மிஞ்சும். ரிலே (கோளாறை உணரும் கருவி) கண்டுபிடித்து பிரேக்கர் (லைனைத் துண்டிக்கும் ஆளி) திறக்கும்வரை நிலைமை அப்படியே கிடக்கும். 220 கிலோவோல்ட் லைனில் அதற்குச் சுமார் 100 மில்லி செக்கன் ஆகும். வீட்டில் லைட் ஒருமுறை மங்கிப் பழையபடி எரியும், நாம் மறந்துவிடுவோம். காற்றாலைக்கு அந்த 100 மில்லி செக்கன் மிக நீண்ட நேரம்.

மற்ற வகைக் கோளாறு மீடிறனில், அதாவது ஆடலோட்டம் செக்கனுக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதில், வருவது. பெரிய மின்பிறப்பாக்கி ஒன்று திடீரென்று விலகினால் 50 ஹேர்ட்ஸ் கீழே இறங்கத் தொடங்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த 100 மில்லி செக்கனுக்குள் காற்றாலைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும்.

3.45 மெகாவாட் காற்றாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தம்பபவனியில் நிற்பவை அந்த அளவு. சோளகம் பலமாக வீசுகிறது, முழு வலுவில் ஓடுகிறது. கிரிட் பக்கம் வோல்ட்டேஜ் 20 சதவீதத்துக்கு விழுகிறது. மின்னோட்டத்தைக் கூட்டி ஈடுகட்டலாமே என்றால் கன்வெர்ட்டரின் (காற்றாலையின் மின்சாரத்தை நேரோட்டமாக்கி மறுபடி கிரிட்டுக்கேற்ற ஆடலோட்டமாக்கும் சாதனம்) குறைகடத்திகள் விடா. வழமையைவிடப் பத்து இருபது சதவீதம் கூடுதலாகத்தான் அவை தாங்கும். 1.1 மடங்கு என்று வைப்போம். 0.2 × 1.1 = 0.22. ஆகவே அதிகபட்சம் 0.76 மெகாவாட்தான் வெளியே போக முடியும். காற்றுக்கு இது எதுவும் தெரியாது. அது 3.45 மெகாவாட்டைத் தந்துகொண்டே இருக்கிறது. மிச்சம் 2.69 மெகாவாட் எங்கே போவது?

அது கன்வெர்ட்டரின் நடுவே உள்ள நேரோட்டப் பகுதியில் தேங்கும். அங்கே ஒரு கொள்ளளவி (சிறிது மின்சக்தியைத் தேக்கிவைக்கும் சாதனம்) இருக்கிறது. கணக்குக்காக 20 மில்லி பரட், 1100 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 1200 வோல்ட்டுக்கு ஏற்ற 2300 யூல் போதும். 2.69 மெகாவாட் கொட்டினால் அதற்கு ஒரு மில்லி செக்கன்கூட எடுக்காது. ஆடலோட்டத்தின் ஒரு முழுச் சுற்றே 20 மில்லி செக்கன். அதில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் கன்வெர்ட்டர் எரியும் நிலைக்குப் போய்விடும்.

அதனால்தான் சொப்பர் என்ற சாதனத்தை வைக்கிறார்கள். வோல்ட்டேஜ் எல்லை தாண்டியதும் மிகையான சக்தியை ஒரு பெரிய தடையியில் வெப்பமாக எரித்துவிடும். இறக்கைகளின் கோணத்தைத் திருப்பிக் காற்றைக் குறைவாகப் பிடிக்கலாம்தான், ஆனால் அது நடந்து முடியச் செக்கன்கள் ஆகும். ஆகவே ஒரே சம்பவத்துக்குள் மைக்ரோ செக்கனில் நடப்பதும் இருக்கிறது, செக்கன் கணக்கில் நடப்பதும் இருக்கிறது. இந்தச் சிமுலேஷனைக் கடினமாக்குவது இதுதான். எனக்கு இதில் ஈர்ப்பு வந்ததும் இதனால்தான்.

எல்லாக் காற்றாலையும் இப்படித்தானா?

இல்லை. மின்சாரப் பக்கத்தைப் பார்த்து நான்கு வகையாகப் பிரிப்பது உலக வழக்கம். முதலாவது, தூண்டல் மின்பிறப்பாக்கியை நேரே கிரிட்டில் கொளுவுவது. வோல்ட்டேஜ் விழுந்தால் அது வேகம் எடுத்துவிடும், மீளும்போது ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் வோல்ட்டேஜைத் தாங்கிப்பிடிக்கும் வலுவை) இழுத்துக் கிரிட்டை இன்னும் கீழே தள்ளும். இரண்டாவது வகை அதன் திருத்தம். இன்று புதிதாக இவற்றை யாரும் நாட்டுவதில்லை.

மூன்றாவது வகையில் ஸ்டேட்டர் (மின்பிறப்பாக்கியின் சுழலாத பகுதி) நேரே கிரிட்டோடு இருக்கும், ரோட்டர் (சுழலும் பகுதி) மட்டும் கன்வெர்ட்டர் வழியே போகும். கன்வெர்ட்டர் முழு வலுவில் ஏறக்குறைய 30 சதவீத அளவுக்கு இருந்தால் போதும் என்பதால் விலை குறைவு. ஆனால் கிரிட்டில் விழுகிற அடி நேரே ரோட்டருக்குப் போகும். ரோட்டர் மின்னோட்டம் எகிறும்போது குரோபார் என்ற காப்பு ரோட்டரைத் தடையிகளூடாகச் சோட் ஆக்கிவிடும். அந்தக் கணத்தில் இயந்திரம் தன் கட்டுப்பாட்டை இழந்து பழைய முதலாம் வகைபோல நடக்கும். மாடலில் குரோபாரை விட்டுவிட்டால் வரைபு அழகாக வரும், உண்மை வராது.

நான்காவது வகையில் முழு வலுவும் கன்வெர்ட்டர் வழியே போகிறது. மேலே போட்ட கணக்கு அதற்குரியது.

வோல்ட்டேஜ் விழுந்தால் பேசாமல் கழன்றுவிடலாமே? ஏன் தாங்கி நிற்க வேண்டும்?

காற்றாலைகள் நாலைந்து மட்டும் இருந்த காலத்தில் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள். நூறு மெகாவாட் ஒரே நேரத்தில் கழன்றால் வோல்ட்டேஜ் கோளாறோடு மீடிறன் கோளாறும் சேர்ந்துவிடும். ஆகவே இப்போது நாடுகளின் கிரிட் விதிகள் ஒரு கோட்டை வரைந்து தருகின்றன: இவ்வளவு வோல்ட்டேஜுக்கு இவ்வளவு நேரம் கழலக் கூடாது. இந்திய விதியில் வோல்ட்டேஜ் 15 சதவீதத்துக்கு விழுந்தாலும் 300 மில்லி செக்கன் நிற்க வேண்டும்.

நின்றால் மட்டும் போதாது, உதவவும் வேண்டும். ஜெர்மனியில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய விதி ஒன்று இருக்கிறது. வோல்ட்டேஜ் 1 சதவீதம் விழுந்தால் 2 சதவீத ரியாக்டிவ் மின்னோட்டத்தைக் கிரிட்டுக்குள் செலுத்த வேண்டும். 50 சதவீதம் விழுந்தால் முழு மின்னோட்டமும் அதற்கே போய்விடும். உண்மை வலுவுக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. எதற்கு முன்னுரிமை, பிறகு வலுவை எவ்வளவு வேகத்தில் திரும்பக் கூட்டுவது என்பதைக் கன்வெர்ட்டரின் மென்பொருளில் ஓர் எண் தீர்மானிக்கிறது. எங்கள் தீவு போன்ற சிறிய கிரிட்டில் அந்த எண்ணைப் பெரிய கிரிட்டிலிருந்து அப்படியே பிரதி எடுத்து வைக்கக் கூடாது. வலு மெதுவாகத் திரும்பினால் மீடிறன் விழும், வேகமாகத் திரும்பினால் பலவீனமான லைனில் வோல்ட்டேஜ் மறுபடி ஆடும்.

வன்னியில் கிரிட் பலவீனமானது என்கிறார்களே. எப்படி அளப்பது?

நீள வயர் இழுத்து வெல்டிங் மெஷின் போட்டால் பக்கத்து வீட்டு லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பலவீனம் என்பது அதேதான். மன்னாரின் மின்சாரம் நடுக்குடா உபநிலையத்திலிருந்து வவுனியா வழியே புதிய அநுராதபுரம்வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல் 220 கிலோவோல்ட் லைனில் போகிறது. பெரிய மின்பிறப்பாக்கிகள் எல்லாம் அதற்கும் அப்பால்.

அளப்பதற்கு எளிய விகிதம் ஒன்று உண்டு. காற்றாலைத் தொகுதி இணைகிற இடத்தில் சோட் ஏற்பட்டால் கிரிட் எவ்வளவு எம்விஏ (மின் வலுவின் ஓர் அலகு) தரும் என்று கணித்து, அதைத் தொகுதியின் மெகாவாட்டால் வகுக்க வேண்டும். 50 மெகாவாட் தொகுதிக்கு 300 எம்விஏ என்றால் விகிதம் 6, பிரச்சினை இல்லை. ஒரு லைன் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டு அது 125 எம்விஏ ஆகிவிட்டால் விகிதம் 2.5. மூன்றுக்குக் கீழே போனாலே கவனம் தேவை. அந்த ஒரு லைன் இல்லாத நாளுக்கும் சேர்த்துத்தான் சிமுலேஷன் செய்ய வேண்டும். எல்லாம் நல்லாயிருக்கிற நாளுக்கு மட்டும் செய்த ஆய்வை நான் ஆய்வாகவே எடுப்பதில்லை.

பலவீனமான கிரிட்டில் கன்வெர்ட்டர் ஏன் திணறுகிறது என்றும் கேட்பார்கள். அது கிரிட்டின் வோல்ட்டேஜ் அலையைப் பார்த்து, அதன் கோணத்தைப் பின்தொடர்ந்து மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. கிரிட் பலவீனமாக இருந்தால் செலுத்திய மின்னோட்டமே அந்த அலையை அசைத்துவிடும். அசைந்ததை மறுபடி பின்தொடரும், மறுபடி அசையும். 2019 ஓகஸ்ட் 9 இல் இங்கிலாந்தில் மின்னல் ஒன்று விழுந்தபோது ஹோர்ன்சீ கடல் காற்றாலைத் தொகுதி இப்படி ஆடி 737 மெகாவாட்டை இழந்தது. வேறு மின்நிலையங்களும் கழன்றதால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பாவனையாளர்கள் இருளில் இருந்தார்கள். அந்த ஆட்டத்தைத் திருத்தியது கட்டுப்பாட்டு மென்பொருளில் செய்த மாற்றம்.

காற்று வீசிக்கொண்டிருக்கிறது, கரண்ட் இல்லை. காற்றாலையை வைத்து மன்னாருக்காவது கொடுக்க முடியாதா?

இப்போதுள்ள வழமையான காற்றாலைகளால் முடியாது. அவை பின்தொடர ஓர் அலை வேண்டும் என்று மேலே சொன்னேன். கிரிட் செத்தால் அந்த அலையே இல்லை. தானே அலையை உருவாக்கும் கன்வெர்ட்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன, பெரும்பாலும் பற்றரிகளோடு சேர்த்து. அப்படி ஒன்றை மன்னாரில் வைத்தால் என்ன ஆகும் என்பது நல்ல ஆய்வுத் தலைப்பு. இறுதி வருடத் திட்டம் தேடுகிற பிள்ளைகள் கவனிக்கவும்.

ஆர்எம்எஸ் சிமுலேஷன், ஈஎம்டி சிமுலேஷன் என்று இரண்டு சொல்கிறார்கள். எதைச் செய்வது?

ஆர்எம்எஸ் முறை 50 ஹேர்ட்ஸ் அலையை வரையாது. அதன் அளவும் கோணமும் எப்படி மாறுகின்றன என்பதை மட்டும் பார்க்கும். காலப்படி சில மில்லி செக்கன். முழு இலங்கைக் கிரிட்டையும் சாதாரண மடிக்கணினியில் ஓட்டலாம். ஈஎம்டி முறை மூன்று கட்டங்களின் (பேஸ்) அலையையும் மைக்ரோ செக்கன் கணக்கில் போடும், ஆகவே மெதுவானது.

மீடிறன், தூரத்து மின்பிறப்பாக்கிகளின் ஆட்டம், தொகுதி தாங்கி நின்றதா என்ற பொதுவான கேள்விக்கு ஆர்எம்எஸ் போதும். மேலே சொன்ன கொள்ளளவிக் கதை ஒரு மில்லி செக்கனுக்குள் முடிகிறது. காலப்படி அதைவிடப் பெரிதாக இருக்கிற மாடலில் அது தெரியவே தெரியாது. விகிதம் மூன்றுக்குக் கீழே இருந்தாலும், குரோபார் வேலை செய்யுமா என்ற கேள்வி வந்தாலும், ஒரு கட்டம் மட்டும் தரையைத் தொட்ட கோளாறானாலும் ஈஎம்டிதான். நடுக்குடா தொடக்கம் வவுனியா வரை ஈஎம்டியில் விரிவாகவும், அதற்கு அப்பால் எளிமையாகவும் வைத்துச் செய்வது நடைமுறைக்கு ஏற்ற வழி.

மாடலை யார் தருவார்கள்?

இரண்டு வழி. தயாரிப்பாளர் தருவது ஒன்று: உள்ளே பார்க்க முடியாத பூட்டிய பெட்டி, ஆனால் உண்மையான கட்டுப்பாட்டு நிரலே அதில் இருக்கும். பொது மாடல் மற்றது. ஐஇசி 61400-27 என்ற சர்வதேசத் தரம் நான்கு வகைக்கும் சமன்பாடுகளைத் தந்திருக்கிறது. முதல் பதிப்பு 2015, திருத்திய பதிப்பு 2020. அமெரிக்காவின் மேற்குக் கிரிட் அமைப்பும் தன் பொது மாடல்களை வெளியிட்டிருக்கிறது. படிப்பதற்குப் பொது மாடல் மிக நல்லது. கிரிட்டில் இணைக்க அனுமதி கொடுப்பதற்கு என் பார்வையில் அது மட்டும் போதாது. காரணம் அடுத்த பதிலில்.

சிமுலேஷன் சரி என்று சொல்லியும் உண்மையில் பிழையாகிப்போன சம்பவம் உண்டா?

உண்டு. 2016 செப்டம்பர் 28, தெற்கு ஆஸ்திரேலியா. புயலில் மின்கடத்திக் கோபுரங்கள் சரிந்தன. ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்குள் ஆறு முறை வோல்ட்டேஜ் விழுந்தது. காற்றாலைகள் முதல் சில அடிகளைத் தாங்கின. பிறகு ஒன்பது தொகுதிகள் சில செக்கனுக்குள் மொத்தம் 456 மெகாவாட்டைக் குறைத்துவிட்டன. அந்தக் குறையை நிரப்பப் பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வந்த இணைப்பு லைன் அளவுக்கு மீறிச் சுமந்து கழன்றது. முழு மாநிலமும் இருண்டது, ஏறக்குறைய 8,50,000 பாவனையாளர்கள்.

ஏன் குறைத்தன? காற்றாலைகளின் கட்டுப்பாட்டில் ஒரு பாதுகாப்பு எண் இருந்தது: குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் வோல்ட்டேஜ் விழுந்தால் நின்றுவிடு. இயந்திரத்தைக் காக்க வைத்த நியாயமான எண்தான். ஆனால் கிரிட்டை இயக்குகிறவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் ஓட்டிய மாடல்களிலும் அது இல்லை. ஒரு கோளாறுக்கு ஒரு சிமுலேஷன் என்று ஓட்டினால் அந்த எண் ஒருபோதும் வெளியே வராது. சம்பவத்துக்குப் பிறகு அந்த அமைப்பை மாற்றினார்கள், பெரும்பாலான காற்றாலைகள் அதிக தடவைகள் தாங்கின. இரும்பையும் செப்பையும் தொடவே தேவைப்படவில்லை.

இதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மன்னார்தான் ஞாபகம் வரும். வங்காள விரிகுடாவின் சூறாவளி வன்னிக்குப் புதிதல்ல. ஒரே இரவில் ஒரே லைனில் மின்னலும் ஓலையும் அடுத்தடுத்து விழுவது கற்பனையும் அல்ல. பிரேக்கர் திறந்து தானே மறுபடி மூடும்போது கோளாறு இன்னும் அங்கேயே இருந்தால் அதுவே இரண்டாவது அடி. ஆகவே இங்கே சிமுலேஷன் செய்கிறவர்கள் ஒற்றைக் கோளாறோடு நிறுத்தாமல் அடுக்கடுக்கான கோளாறுகளைப் போட்டுப் பாருங்கள். மாடலில் பாதுகாப்பு எண்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

2025 பெப்ரவரியில் குரங்கால் நாடே இருண்டதே. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, சடத்துவம் (பாரமாகச் சுழலும் இயந்திரங்கள் தம் வேகத்தைச் சட்டென்று விடாத தன்மை) வழியாக. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று தொட்டதால் சோட் ஏற்பட்டது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயில் என்பதால் சூரிய மின்சாரம் அதிகம். பாரமாகச் சுழலும் இயந்திரங்கள் குறைவாகவே ஓடின.

ஒரு கணக்குப் பாருங்கள். சுழலும் இயந்திரங்களில் சேமித்திருப்பது 12,000 மெகாவாட் செக்கன் என்று வைப்போம். நுரைச்சோலையின் ஒரு அலகு, 300 மெகாவாட், கழன்றால் மீடிறன் விழும் வேகம் 300 × 50 ÷ (2 × 12,000), அதாவது செக்கனுக்கு 0.625 ஹேர்ட்ஸ். சேமிப்பு 6,000 ஆகக் குறைந்தால் 1.25 ஹேர்ட்ஸ். நீர்மின் நிலையத்தின் கதவு திறந்து வலு கூடுவதற்குள் நேரம் போய்விடும்.

சூரியத் தகடும் கன்வெர்ட்டர் வழியே போகும் காற்றாலையும் இந்தச் சேமிப்பில் தாமாக ஒன்றும் சேர்க்கா. ஆனால் காற்றாலையின் இறக்கைகளிலும் ரோட்டரிலும் சுழற்சிச் சக்தி நிறைய இருக்கிறது. மீடிறன் விழும்போது அதில் கொஞ்சத்தைச் சில செக்கனுக்குக் கிரிட்டுக்குக் கொடுக்கும்படி கட்டுப்பாட்டை எழுதலாம். பிறகு இழந்த வேகத்தை மீளப் பெறும்போது வலு சற்றுக் குறையும். அந்த இரண்டாவது சரிவையும் சேர்த்துப் பார்க்காத சிமுலேஷன் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

நான் மாணவன். எங்கிருந்து தொடங்குவது?

மின் நிறுவனங்களில் பிஎஸ்எஸ்ஈ, பவர்பாக்டரி, ஈஎம்டிக்குப் பிஎஸ்கேட் ஆகிய மென்பொருள்கள் பழக்கம். விலை எட்டாது என்றால் பைதனில் எழுதப்பட்ட ஆண்டீஸ், பிரான்சின் கிரிட் நிறுவனம் வெளியிட்ட டைனாவோ இரண்டும் இலவசம். சிமுலிங்க் கம்பஸில் கிடைக்கும்.

முதலில் ஒரு காற்றாலை, ஒரு ட்ரான்ஸ்போமர், ஒரு லைன், ஒரு முடிவிலிக் கிரிட் (எது நடந்தாலும் வோல்ட்டேஜும் மீடிறனும் மாறாத கற்பனைக் கிரிட்). அவ்வளவு போதும். கோளாறு எதுவும் போடாமல் பத்துச் செக்கன் ஓட்டுங்கள். எல்லா வரைபும் கோடு போட்டதுபோல நேராக வர வேண்டும். கொஞ்சமாவது நெளிந்தால் தொடக்க நிலை பிழை. அதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அப்புறம் ஒரு 100 மில்லி செக்கன் சரிவைப் போட்டு நாலு வரைபை ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள்: வோல்ட்டேஜ், உண்மை வலு, ரியாக்டிவ் பவர், மின்னோட்டம். வழமையான அளவை 1 என்று வைத்தால் மின்னோட்டம் 1.1 இல் தட்டையாக நிற்கிறதா? ஐந்து மடங்கு எகிறினால் நீங்கள் கன்வெர்ட்டரின் எல்லையைப் போட மறந்த மாடல் அது. கோளாறு நீங்கிய கணத்தில் வோல்ட்டேஜ் 1 ஐத் தாண்டிப் பாய்கிறதா? ரியாக்டிவ் மின்னோட்டம் உடனே நிற்காததன் அடையாளம். அதன் பிறகு லைனின் நீளத்தை இரட்டிப்பாக்கி அதையே மறுபடி ஓட்டுங்கள்.

பறவை, வெள்ளம், மீன்பிடி பற்றி இந்தச் சிமுலேஷன் ஏதாவது சொல்லுமா?

சொல்லாது. மன்னார் மக்கள் அவை பற்றிக் கேட்பவை நியாயமான கேள்விகள். அவற்றுக்குத் தனி ஆய்வு வேண்டும். "கிரிட் ஆய்வு சரிவந்துவிட்டது" என்பதை அவற்றுக்கான பதிலாக ஏற்க வேண்டாம்.

ஆய்வறிக்கை ஒன்று கையில் கிடைத்தால் முதலில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது?

மாடலை உண்மையான பதிவோடு பொருத்திக் காட்டிய பக்கம். காற்றாலைக்கும் கிரிட்டுக்கும் இடையே ஒரு கொள்கலனில் சுருள்களை வைத்து வேண்டுமென்றே வோல்ட்டேஜை விழுத்திச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையின் அளவீடும் மாடலின் வரைபும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடப்பட்டிருக்க வேண்டும். அது ஒரு தனிக் காற்றாலைக்கான சோதனை. முழுத் தொகுதிக்கு உபநிலையத்தில் உள்ள கோளாறுப் பதிவுக் கருவி தேவை. சோளகக் காலத்தில் வந்த ஒரு சரிவு, வாடைக் காலத்தில் குறைந்த வலுவில் ஓடியபோது வந்த ஒரு சரிவு, இரண்டின் பதிவையும் எடுத்து மாடலில் அதே சரிவைக் கொடுத்து ஒப்பிட்டிருந்தால் மிச்சப் பக்கங்களைப் படிக்கலாம். அந்தப் பதிவுகளை மின்சாரத் துறையினர் மாணவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அறிவியல் நகரிலிருந்து மன்னார் உபநிலையத்துக்கு ஒரே நாளில் போய்வரலாம்.